போஷுன் வீட்டுத் தரவு மையம்

பேரரசுகள் சரிந்ததற்கு வரலாற்று ஆசிரியர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். பஞ்சம், படையெடுப்பு, உருப்படாத இளவரசர்கள். உண்மைக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: அவர்களில் ஒருவர்கூட ஒழுங்காக பேக்கப் எடுத்து வைக்கவில்லை. இந்தப் பேருண்மையைக் கண்டறிந்த மகான் தைவானில், ஷின்ச்சு நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழ்ந்துவந்தார். பெயர் வெங் போஷுன்.

ஷின்ச்சு, சிப் செய்யும் ஊர். அந்தக் குடியிருப்பில் லிஃப்டில் ஏறினால் ஏதாவதொரு சிப் கம்பெனியின் அடையாள அட்டை மூக்கில் வந்து இடிக்கும். போஷுன் மட்டும் சைக்கிள் மணி செய்யும் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுத் துணை மேலாளர். நாள் முழுக்க மணியடித்துப் பார்ப்பது அவர் பணி. லிஃப்டில் மற்றவர்கள் நானோமீட்டர் பற்றி விவாதிக்கும்போது, இவர் மாடி எண்கள் மாறுவதை ஆழ்ந்து கவனித்துக்கொண்டிருப்பார். மாபெரும் திட்டங்கள் இப்படிப்பட்ட லிஃப்டுகளில்தான் உருவாகின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் திட்டம் தாக்கல் செய்யப்பட்டது.

"நம்ம ஃபோட்டோ, வீடியோ எல்லாம் எங்க இருக்கு தெரியுமா?" என்றார் போஷுன்.

மனைவி ரோலான் சோற்றில் பன்றிக்கறிக் குழம்பை ஊற்றிக்கொண்டே, "போன்ல," என்றாள்.

"தப்பு. யாரோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல. எந்த நாட்டுலன்னுகூடத் தெரியாது. நம்ம கல்யாணம், நம்ம ஊர் சுத்துனது, உங்கம்மாவோட கடைசி வீடியோ, எல்லாம் எவனோ ஒருத்தன் கையில!"

"அவன் கேட்டப்பல்லாம் குடுத்துட்டுத்தானே இருக்கான்?"

"இன்னிக்குக் குடுப்பான். நாளைக்கு? இனிமே எல்லாம் நம்ம வீட்லயே நம்ம பெட்டியில இருக்கணும்."

மாமனார் ஃபான் தெங்ஹுவோ வாயிலிருந்து எலும்பை எடுத்து ஓரமாக வைத்தார். ஷின்பூ மலையடிவாரத்தில் சீமைப்பனிச்சைப் பழத்தோட்டம் வைத்திருந்த ஹக்கா இனத்து ஆள். மனைவி இறந்தபிறகு மகள் வீட்டுக்கு வந்தவர். "ஏன் மாப்ள, என் மூஞ்சிய வச்சிக்கிட்டு அவன் என்ன பண்ணப் போறான்?"

இந்தக் கேள்வி தொழில்நுட்ப அடிப்படையில் அமையாததால் நிராகரிக்கப்பட்டது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வாக்களித்த மனமும் ஒன்றுதான்.

வங்கி ஒன்று கழித்துப்போட்ட இரும்பு ரேக் வந்து இறங்கியது. ஃப்ரிட்ஜைவிட ஓர் ஆள் தலை உயரம். லிஃப்டுக்குள் நுழைய மறுத்துவிட்டதால் மாடிப்படி வழியே, எல்லாத் தளத்துச் சுவர்களிலும் தன் வருகையைப் பதிவுசெய்தபடி மேலே ஏறியது. உள்ளே பழைய சர்வர்களும், படங்களைச் சேமிக்கும் வட்டுப் பெட்டிகளும், மின்சாரம் போனால் கைகொடுக்கும் பேட்டரியும் அடுக்கப்பட்டன. வைக்க ஓர் அறை வேண்டுமே? புது ஏசி இருந்த அறை ஒன்றுதான், அது மாமனாருடையது.

"அப்பா, இது வெயில் தாங்காது," என்று போஷுன் விளக்கினார்.

"நான் தாங்குவேனா?"

"நீங்க தோட்டத்துல வேலை பாத்தவர்."

மாமனார் மடக்குக் கட்டிலோடும் மேசை விசிறியோடும் கூடத்துக்குக் குடிபெயர்ந்தார். அறைக் கதவில் 'தரவு மையம். அனுமதி பெற்றோர் மட்டும்' என்று பலகை மாட்டப்பட்டது.

முதன்முதலில் சுவிட்சைப் போட்டதும் விமானம் புறப்படும் ஓசை கேட்டது. கீழ்வீட்டு சிப் பொறியாளர், சுவரில் துளை போடுகிறார்கள் என்று நினைத்து ஏறிவந்தார். ரேக்கை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்க கம்பெனியிலகூட இதே மாடல் இருந்துச்சு. எப்பவோ தூக்கிக் கடாசிட்டாங்க," என்றார். போஷுனின் காதில் 'எங்க கம்பெனியிலகூட இதே மாடல்' என்பதுவரை விழுந்தது. அதற்குமேல் கேட்கவிடாமல் ஆனந்தம் காதை அடைத்துவிட்டது.

மின்சாரத்தில்தான் சின்னச் சிக்கல். ரேக்கும் சோற்றுப்பானையும் ஒரே சமயம் ஓடினால் மெயின் சுவிட்ச் விழுந்துவிடும். ஆகவே, வீட்டிலுள்ளோர் கனரக மின்கருவிகளை இயக்க முன்னனுமதி பெறும் நடைமுறை அமலுக்கு வந்தது.

"தலை காய வைக்கணும்," என்பாள் ரோலான், கையில் ஹேர் டிரையரோடு.

"எவ்வளவு நேரம்?"

"தலை காயற வரைக்கும்."

"திட்டவட்டமா சொல்லு. இப்ப வட்டுச் சோதனை ஓடுது."

"கல்யாணம் பண்றதுக்கு முன்னாடி சொல்லியிருந்தா மொட்டை போட்டுட்டே வந்திருப்பேன்."

இதை ஆக்கபூர்வமான யோசனையாகக் கருதி போஷுன் சற்று நேரம் சிந்தித்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

அவருடைய உண்மையான மேதைமை ரேக்கின் பின்பக்கத்தில் ஒளிர்ந்தது. வயர்கள்! நெட்வொர்க்குக்கு நீலம், மின்சாரத்துக்குக் கறுப்பு, எதற்கென்று அவருக்கே தெரியாதவற்றுக்கு மஞ்சள். விடுமுறை நாளெல்லாம் தரையில் மல்லாந்து படுத்து, வயர்களைச் சிக்கெடுத்து, வாரி, பட்டி போட்டுக் கட்டினார். ரோலான் வாசலில் நின்று பார்த்தாள். "என் முடிய ஒருநாளாவது இப்படித் தொட்டிருக்கியா?" என்றாள். போஷுன் ரேக்கைப் படமெடுத்தார். காலை வெளிச்சத்தில், மாலை வெளிச்சத்தில், கதவு திறந்து, கதவு மூடி, ஒருக்களித்து. குடும்ப ஆல்பத்தில் புதுக் குழந்தையின் படங்கள் குவிந்தன.

அடுத்து, நினைவுகள் யாவும் ரேக்குக்குக் கொண்டுவரப்பட்டன. கொண்டுவந்ததும், போன்களில் இருந்ததையும் அந்த 'எவனோ ஒருத்தன்' கம்ப்யூட்டரில் இருந்ததையும் அவர் துடைத்தெறிந்தார்.

ரோலான் பதறினாள். "ஏன் அழிச்ச? அது பாட்டுக்கு அங்க ஒண்ணு இருந்தா என்ன?"

"அழிக்கல. விடுதலை பண்ணியிருக்கேன்."

கடைசியாக, ரேக்கின் உச்சியில் தேங்காய்ச் சுவைச் சோளப்பொரிப் பச்சைப்பை ஒன்று வைக்கப்பட்டது. அந்தத் தின்பண்டத்தின் பெயருக்கே 'சமர்த்தா இரு' என்று பொருள். அதை வைத்தால் எந்திரம் சொன்ன பேச்சு கேட்கும். பச்சைப்பையாகத்தான் இருக்க வேண்டும், கெடு தேதி தாண்டக் கூடாது. தைவானில் மெத்தப் படித்தவர்கள் வேலை பார்க்கும் இடங்களிலெல்லாம் இந்த ஏற்பாடு உண்டு. மூடநம்பிக்கை என்று எவரும் சிரிக்கத் தேவையில்லை. அது பாதுகாப்பு நெறிமுறை.

இலையுதிர் காலத்தில் ரோலானின் தம்பி யோங்சிக்கு ஷின்பூவில் கல்யாணம் நிச்சயமானது. போனில் அழைத்தான். "அக்கா, விருந்துல அம்மாவோட அந்த வீடியோவப் போடணும். முற்றத்துல உக்காந்து பழம் உரிச்சிக்கிட்டே அப்பாவத் திட்டிப் பாடுவாங்களே, அது. அம்மா இல்லாத குறை தெரியக் கூடாது."

"மாமா பெட்டியில இருக்கு. எடுத்துத் தரச் சொல்றேன்," என்றாள் ரோலான். ஆட்சேபித்த அவளே பெட்டியை நம்பிய முதல் தருணம் அது. போஷுனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இத்தனை நாள் உழைப்புக்கு ஒரு வேலை வந்துவிட்டது!

சனிக்கிழமை காலை தரவு மையத்துக்குள் நுழைந்தார். வீடியோவை எடுத்திருந்தால் காப்பி ஆறுவதற்குள் வெளியே வந்திருக்கலாம். ஆனால் வட்டுகளின் மேலே ஒட்டியிருந்த எண் சீட்டுகள் வரிசையாக இல்லாதது கண்ணில் பட்டுவிட்டது. தரக் கட்டுப்பாட்டில் ஊறிய கண். எல்லா வட்டுகளையும் உருவி, சீட்டு வரிசைப்படி மாற்றிச் செருகினார். பார்க்க அற்புதமாக இருந்தது. திரையில் ஒரு கேள்வி வந்தது: இந்த வட்டுகளை எனக்கு அடையாளம் தெரியவில்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கட்டுமா?

'புதிதாகத் தொடங்கட்டுமா' என்ற கேள்விக்கு எந்தத் தலைவர்தான் இல்லை என்பார்? அழுத்தினார்.

கவலை இல்லை, கீழ்த்தட்டில் நகல் பெட்டி இருக்கிறதே! இருந்தது. மேல்பெட்டியில் என்ன நடந்தாலும் அதை அப்படியே தானும் செய்துகொள்ளும் உத்தமமான பெட்டி. மேலே காலியானதும் கண்ணிமைக்கும் நேரத்தில் தானும் காலியாகி, கடமை முடிந்ததென்று பச்சை விளக்கைக் காட்டியது. சர்வர் என்றால் நம் ஊர் ஓட்டல்களில் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பவர். இந்தச் சர்வர் இலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

போஷுன் தரையில் உட்கார்ந்துவிட்டார். வயர்கள் எல்லாம் அழகாக இருந்தன. தேடித் தேடிப் பார்த்தார்.

சாப்பிடக் கூப்பிட வந்த ரோலான் அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். "அம்மா குரல்?" என்றாள். அவர் காலித் திரையைக் கைகாட்டினார். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். கதவுப் பலகையில் சாய்ந்து அப்படியே நின்றாள்.

அன்று மாலையே சாப்பாட்டு மேசையில் விசாரணைக் கமிஷன் கூடியது. தலைவர், வெங் போஷுன். தொழில்நுட்ப நிபுணர், வெங் போஷுன். ரேக்கின் உச்சியில் பச்சைப்பை இல்லாததை நிபுணர் கவனித்திருப்பதாகத் தலைவர் அறிவித்தார்.

மாமனார் சோப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். "நான்தான் தின்னேன்."

"அப்பா!" என்று அலறினார் போஷுன்.

"தேதி முடியப் போவுதேன்னு எடுத்தேன். நமுத்துப் போயிருந்துச்சு."

"பாத்தியா? பாதுகாப்பு நெறிமுறை மீறல்!" போஷுனின் குரலில் வந்தது கோபம் அல்ல, நிம்மதி. "காரணம் கிடைச்சாச்சு."

"அழுத்துன விரல் யாரோடது?" என்றாள் ரோலான். "எங்கப்பாவோட வயிறா போய் அழுத்துச்சு?"

"விடும்மா," என்றார் கிழவர். "அறிக்கையில என் வயிறுதான்னு போட்டுக்கோ மாப்ள. உனக்கு அது செரிச்சா சரி." எழுந்து கூடத்துக்குப் போய் மடக்குக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். போஷுன் சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். ஆனாலும் அறிக்கையைத் திருத்தவில்லை. கமிஷன் அறிக்கைகளைத் திருத்தும் வழக்கம் எந்த நாட்டிலும் இல்லை.

ஷின்பூவில் கோயிலுக்கு எதிரே தெருவை அடைத்துப் பந்தல் போட்டு விருந்து. வட்ட மேசைகளில் உறவினர்கள் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முழு மீனுக்கும் கோழி சூப்புக்கும் நடுவில், நிகழ்ச்சியை நடத்தியவர் மைக்கில் முழங்கினார்: "அடுத்து, மணமகனின் அன்புத் தாயார் திரையில் தோன்றி வாழ்த்துவார்!" வீடியோ இல்லை என்பதை அவரிடம் சொல்ல எல்லாரும் எல்லாரையும் நம்பியிருந்தார்கள். வெள்ளைத் திரை காற்றில் படபடத்தது. அதில் ஒன்றும் தோன்றவில்லை. யோங்சி தலையைக் குனிந்துகொண்டான். மேசைக்கு மேசை தலைகள் போஷுன் பக்கம் திரும்பின. அவர் அவசரமாகப் போனை எடுத்து, அதிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார். வீட்டு ரேக்கின் நிலவரம் அதில் தெரிந்தது. வெப்பம் சீர். மின்சாரம் சீர். உலகத்தில் அவரைக் குறை சொல்லாத முகம் அது ஒன்றுதான்.

மாமனார் போய் மைக்கைப் பிடுங்கினார்.

"வீடியோவ நான் தின்னுட்டேன்னு அறிக்கை வந்திருக்கு," என்றார். "தின்னவன்தானே கக்கணும்? கக்கறேன், கேளுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டு, செத்துப்போன மனைவியின் கீச்சுக் குரலில் ஆரம்பித்தார்:

"மலைக்கு அந்தாண்ட குரங்கு கத்துது, உன் குறட்டைக்குப் பதில் சொல்லுது! உன் மூக்க வித்து எருமை வாங்கட்டுமா? எருமையாவது வேலை செய்யும்!"

பிறகு தன் கட்டைக் குரலில்:

"என் மூக்க வித்தா உன் வாய எவன் வாங்குவான்? இலவசமாக் குடுத்தாலும் திருப்பி அனுப்புவான்!"

பந்தல் அதிர்ந்தது. சுருதி எந்தப் பக்கமும் சேரவில்லை. கீச்சுக் குரல் வரும்போதெல்லாம் கிழவர் இடுப்பில் கைவைத்து, இல்லாத பழத்தை இல்லாத கத்தியால் உரித்தார். மணப்பெண் சிரித்துச் சிரித்துக் கண்மை கரைந்தது. யோங்சி வாய்விட்டு அழுதான். ரோலான் நாப்கினை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பா அழுகையா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கே தெரியவில்லை. அத்தைமார்களும் சித்திமார்களும் மீனை மறந்து, போன்களைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். போஷுன் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை; அவர் போனில் ரேக்கின் விளக்குகள் எல்லாம் பச்சையாகவே இருந்தன.

கைதட்டல் கேட்டுத்தான் நிமிர்ந்தார். பாட்டு முடிந்து மைக் கைமாறியிருந்தது.

மறுநாள் வீட்டுக்குப் புறப்படும்போது மாமனார் வரவில்லை. "இங்க காத்துக்கு அனுமதி கேக்க வேண்டாம்," என்று சொல்லிவிட்டார். காரில் ரோலான் போனைக் காதருகே வைத்து அந்தக் கீச்சுக் குரலைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தாள். போஷுன் பலமுறை வாயைத் திறந்து மூடினார். மன்னிப்பு என்ற சொல் பற்கள் வரை வந்து நின்றது. கடைசியில் வேறு சொற்கள் முந்திக்கொண்டன.

"அந்த வீடியோவ எனக்கு அனுப்பேன். ரேக்ல ஏத்திப் பத்திரமா வச்சிடறேன்."

ரோலான் போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எங்கிட்ட இருக்கு. யோங்சிகிட்ட இருக்கு. அத்தைங்க, சித்திங்க அத்தனை பேர்கிட்டயும் இருக்கு. உன்கிட்ட மட்டுந்தான் இல்ல," என்றாள். "அதனாலதான் பத்திரமா இருக்கு."