நாட்டுக்குப் பேர் கொடுத்த ராணி

ஏரியின் ஆழம், மீன் வகை, படகில் எங்கே உட்காரக் கூடாது என எல்லாவற்றையும் மனப்பாடம் செய்திருந்த கைடு, "நம்ம நாட்டுக்கு ஏன் இந்தப் பேர் வந்துச்சு?" என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டார்.

கேட்டது, படகில் பயணிகளோடு வந்திருந்த சுற்றுலாத் துறை அதிகாரி அம்மா. அவர் தலையசைத்தால்தான் கைடுக்கு வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்.

ஏரியைச் சுற்றி ஒரு வளையம், அவ்வளவுதான் அந்த நாடு. பெயர்க் காரணம் அங்கே யாருக்கும் தெரியாது. மூக்குக்கு ஏன் மூக்கென்று பெயர் என்று யார் யோசிக்கிறார்கள்?

"அது ஒரு ராஜாவோட பேருங்க மேடம்."

"பேரைப் பார்த்தா ராணி மாதிரி தெரியுதே?"

"ராணியேதான் மேடம். வாய் தவறிடுச்சு."

அத்தோடு விட்டாரா அதிகாரி? ராணி எப்படிச் செத்தார் என்றார். ஏரியில் மூழ்கி என்று கைடு அளந்துவிட்டார். எங்கே புதைத்தார்கள் என்றார். ஏரியில் இருந்ததே ஒரே ஒரு தீவு. கைடுக்குத் தெரிந்து குடிதண்ணீர் பம்ப் அறையைத் தவிர அங்கே ஒன்றும் கிடையாது, பயணிகள் யாரும் போவதும் இல்லை. அந்தத் தைரியத்தில் கைடு அதைக் காட்டினார்.

"அங்கேயே படகை விடச் சொல்லுங்க."

ஒரே சேறு மேடம் என்றார் கைடு. நேற்று இறங்கினேனே, செருப்பில்கூட ஒட்டவில்லை என்று படகோட்டி போட்டு உடைத்தார். பாம்பு இருக்கும் என்றார் கைடு. பாம்பு பார்க்கும் ஆசையில் பயணிகள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வருங்கால மாமனாரின் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

தீவில் இறங்கி பம்ப் அறையைச் சுற்றிப் போனால், சமாதி இருந்தது. சிமெண்ட் பூசிய, பூ வைத்த சமாதி. மேலே 'ராணி' என்று வேறு எழுதியிருந்தது. கைடுக்குப் புல்லரித்துவிட்டது. பொய் என்று நினைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் உண்மையையா சொல்லிக்கொண்டிருந்தோம் என்று சந்தோஷத்தில் கண் கலங்கினார்.

"வேலை நிரந்தரம். நாளையிலேர்ந்து எல்லாரையும் இங்கே கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அதிகாரி படகை நோக்கி நடந்தார்.

கைடு நன்றியோடு சமாதியின் முன் குனிந்து கும்பிட்டார். பம்ப் ஆபரேட்டர் கையில் இருந்த எண்ணெயைத் துடைத்தபடி பக்கத்தில் வந்து நின்றார்.

"ரொம்பக் குனியாதீங்க தம்பி, உள்ளே பழைய மோட்டார்தான் இருக்கு. உங்க மேடம் கைடா இருந்தப்ப இதே கேள்வியில மாட்டிக்கிட்டாங்க. அப்ப நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து கட்டினதுதான் இது."