ஹோஸ்டா நோயறி விசேட ஆணைக்குழு

உலகத் தாவர மருத்துவம் இதுவரை சுவிஸ் நாட்டின் சோலோதுர்ன் நகரைக் கண்டுகொள்ளாமல் இருந்தது மாபெரும் பிழை. அங்கே ஆரே ஆற்றோரம்தான் ஆரேக்கரைத் தமிழர் மலர்ச்சி ஒன்றியம், ஒரேயொரு ஹோஸ்டாச் செடிக்காக ஏழு பேர் கொண்ட 'விசேட ஆணைக்குழு'வை நிறுவியது.

ஹோஸ்டாவை அகன்ற இலைக்காகவே நிழலில் வளர்ப்பார்கள். ஒன்றியத்தின் ஹோஸ்டாவோ மூன்று வருடமாக வெற்றிலை அளவைத் தாண்டவில்லை. ஓரமெல்லாம் கருகல். ஒன்றியத்துக்குத் தோட்டக் காணியைக் கொடுத்தபோது நகரசபை ஒரே நிபந்தனைதான் போட்டது: வாசல் செடியான ஹோஸ்டா செழிப்பாக நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை பார்வையிட வருகிறார்கள். செடி தேறாவிட்டால் காணி போய்விடும், அதோடு பத்மினியின் பயற்றங்கொடியும் போய்விடும். பூக்கன்றுப் பண்ணையில் வேலை செய்யும் பத்மினிக்கு இந்தக் காணியிலுள்ள நாலு பாத்திதான் உயிர்.

ஆணைக்குழு கூடியது.

"நத்தைதான்," என்றார் செயலாளர் குகதாசன்.

"இலையில ஒரு ஓட்டையும் இல்லையே?" என்று கேட்டாள் பத்மினி.

"சுவிஸ் நத்தை. ஒழுங்கு தெரிஞ்சது."

தலைவர் குலேந்திரன் கண்ணூறு என்றார். அது 'கட்புலப் பாதிப்பு' என்று அறிக்கையில் பதிவானது.

"அண்ணை, வேர் பிடிக்கேல்லை. விழாவுக்கு விழா பிடுங்கிப் பிடுங்கி நட்டா எப்பிடிப் பிடிக்கும்?" என்றாள் பத்மினி.

விஷயம் இதுதான். எந்தச் சிறப்பு விருந்தினர் வந்தாலும் செடி நட வேண்டும் என்பது ஒன்றியத்தின் மரபு. இருப்பதோ ஒரு குழி, ஒரு செடி. ஆகவே முதல்நாளே அதைப் பிடுங்கி வாளிக்குள் வைத்து, மறுநாள் கைதட்டலோடு நடுவார்கள்.

"தங்கச்சி, இது விஞ்ஞானக் கூட்டம். உணர்ச்சிவசப்படாதேங்கோ," என்றார் தலைவர். பத்மினிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. அவள் பங்களிப்பாக அறிக்கையில் ஏறியது, 'தேநீர் நன்று' என்ற குறிப்பு மட்டுமே.

வெள்ளிக்கிழமை நகரசபையிலிருந்து பூர்கி அம்மையார் வந்தார். ஹோஸ்டா வியாழனிலிருந்தே வாளிக்குள் இருந்தது. தலைவர் அவருக்குப் பொன்னாடை போர்த்தி, மண்வெட்டியை நீட்டினார். தலைவரின் ஜெர்மன் விழாக்களுக்குப் போதாது என்பதால் பத்மினியை மொழிபெயர்க்க நிறுத்தியிருந்தார்கள்.

"உங்கட பொற்கரத்தால நட்டு வையுங்கோ எண்டு சொல்லு, தங்கச்சி. எங்கட பராமரிப்புக்கு ஆதாரமும் இருக்கு!" தலைவர் படத்தொகுப்பை விரித்தார். பதினொரு பிரமுகர், பதினொரு மண்வெட்டி, பதினொரு புன்னகை.

அம்மையார் மெதுவாகப் புரட்டினார். பதினொரு செடியா என்று கேட்டார்.

"ஒண்டுதான்!" தலைவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அதையே பதினொரு தரம் நட்டிருக்கிறம்!"

அம்மையார் வாளிக்குள் குனிந்து, நூல் நூலாகக் கிடந்த வேரைப் பார்த்தார். படிவத்தில் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். காணி போய்விட்டது என்று பத்மினிக்கு விளங்கிவிட்டது. அம்மையார் அடுத்துக் கேட்டதை அவள் ஒரு சொல்லும் குறைக்காமல் தமிழில் சொன்னாள்:

"நட்டவை பதினொரு பேர். வளரவிட்டது ஆர் எண்டு கேக்கிறா."

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் ஒன்றியத்தின் யாப்பு விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். அப்படி ஒரு பதவி அதில் இல்லை.