மண்ணைப் போடுங்க!

என் முதல் காதலி மின்சாரம். சொல்ல வெட்கமாயிருந்தாலும் உண்மை அதுதான். செஞ்சிக்குக் கரண்டு வந்த புதிதில், பொழுது சாய்ந்து ராஜகிரி மலைக்கோட்டை மேகம் போல மிதக்கும் நேரத்தில், கீழே ஒவ்வொரு பல்பாகக் கண்விழிப்பதைப் பார்த்தபடி நடுத்தெருவில் சொக்கி நிற்பேன். (பின்னால் வண்டிக்காரர் திட்டுவது காதில் விழாது.)

ஒயரிங் புத்தகம் ஒன்று வாங்கி, தனம் அக்கா மாவாட்டும்போதெல்லாம் உரக்க வாசித்தேன். அவள் எழுந்து ஓட முடியாத நேரம் அது.

அவளுடைய நிச்சயதார்த்தத்துக்குப் பந்தல் முழுக்கக் கலர் பல்பு கட்டினேன். ஃபியூஸ் மூன்று தடவை போனது. நான்காவது தடவை தடித்த செம்புக் கம்பியைச் சொருகிவிட்டேன். (ஃபியூஸ் உருகுவதே வீட்டைக் காப்பாற்றத்தான் என்று புத்தகத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தில் படம் இல்லாததால் தாண்டிவிட்டேன்.)

விளக்கு வைக்கும் நேரம். மேல்மலையனூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்தார்கள். சுவிட்சைப் போட்டேன். சிவப்பு, பச்சை, நீலம்... ஈர மல்லிகைச் சரங்களுக்குள் நட்சத்திரங்கள் இறங்கிவிட்டன. மாப்பிள்ளையின் அம்மாவே வாய் பிளந்தார். என் கால் தரையில் இல்லை.

பட்டென்று ஒரு சத்தம். ஒயர் எரிந்தது, கீற்று புகைந்தது. நைனா தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார்.

"ஊத்தாத நைனா, ஷாக் அடிக்கும்! மண்ணைப் போடுங்க, மண்ணை!"

கத்தியதோடு நில்லாமல் இரண்டு கையாலும் மண்ணை வாரி வீசினேன். நெருப்புக்கும் எனக்கும் நடுவில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அவ்வளவும் அவர் தலையில். மிச்சம் தாம்பூலத் தட்டில்.

அவர் அம்மா எழுந்துவிட்டார். "இன்னா அநியாயம் இது! பொண்ணோட தம்பியே மண்ணை வாரித் தூத்துறான். சாபம் உட்ட ஊட்ல இன்னா சம்பந்தம்? கெளம்புடா!"

(மண்ணை வாரித் தூற்றினால் சாபம் என்று எந்த ஒயரிங் புத்தகமும் எச்சரிக்கவில்லை.)

நைனா குடத்தோடு சிலையாகிவிட்டார். எழுந்தது அக்காதான். உட்கார்ந்திருந்த மர மணையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று, அடுக்களையிலிருந்து எடுத்துவந்த காய்ந்த மத்தால் மெயின் சுவிட்சைத் தட்டிவிட்டாள். நட்சத்திரங்கள் அணைந்தன.

"முதல்ல மெயினை நிறுத்தணும்னு நீதானேடா படிச்ச? இப்ப போடு மண்ணை!"

முதல் பிடி மண்ணை அள்ளியவர் மாப்பிள்ளை. நெருப்பு அடங்கியதும் தலையை உதறிக்கொண்டே சொன்னார்: "யம்மா, சும்மா குந்து. இந்தப் பொண்ணு இருக்கிற ஊடு எரியாது."

அம்மா குந்தினார், கல்யாணத்துக்குக் கரண்டே கூடாது என்ற நிபந்தனையோடு.

அந்தக் கல்யாணத்தில் நான் அட்சதையோடு கையை ஓங்கியதும் மாப்பிள்ளை துண்டால் தலையை மூடிக்கொண்டார். இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும், யாராவது என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்துவிட்டுத்தான் குரல் கொடுப்பார்கள்:

"அரிசிதான்! தாலி கட்டலாம்!"