பூத்தாய் பார்த்த மலட்டுச் செடி

குறி சொல்லும் பூத்தாயின் வாசலில் விடியும்போதே ஸ்கூட்டர்கள் நெருக்கியடித்து நிற்கும். தைனான் கடலோரத்தில் பால்மீன் வளர்த்துப் பிழைக்கிற எங்கள் ஊருக்கு அவளால்தான் பெயர் வந்தது, மீனால் வரவில்லை. தைப்பேயிலிருந்து ரயிலேறிப் பெண்கள் வந்தார்கள். வங்கி அதிகாரி வந்தாள், கல்லூரிப் பேராசிரியை வந்தாள். பிள்ளையில்லாக் கவலை படிப்பைக் கண்டு ஒதுங்கிப் போவதில்லை.

மேலுலகத் தோட்டத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பூச்செடி உண்டு என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வெள்ளைப் பூ மகன், சிவப்புப் பூ மகள். மொட்டில்லை என்றால் பிள்ளையில்லை. பிறந்த ஆண்டின் விலங்கையும் மாதம், நாள், நேரத்தையும் பூத்தாயின் காதில் ஓதினால் போதும். கண்ணைக் கட்டிக்கொண்டு, காலால் தரையைத் தட்டியபடியே அவள் மேலே போய், கோடிச் செடிகளுக்கு நடுவில் நம் செடி முன்னால் நிற்பாள். எங்கள் தபால்காரருக்குக்கூட அந்தத் திறமை கிடையாது.

செடியில் புழு இருக்கும். எப்போதும் இருக்கும். மண் மாற்றப் பணம் வைத்த ஒரு சிவப்பு உறை, உரம் போட இன்னொன்று. மேலுலகத்திலும் உரத்துக்குத் தட்டுப்பாடு போலிருக்கிறது.

கிம்லுவான் தன் மருமகள் யுன்ரூவை அங்கே இழுத்துப் போனாள். யுன்ரூவுக்கு மாதவிலக்கு ஒழுங்காக வராது. டாக்டர் ஏற்கெனவே சோதித்துச் சொல்லியிருந்தார்: கருமுட்டையை வளரச் சொல்லி ஒரு ஹார்மோன் வருகிறது; அதைக் கேட்க வேண்டிய ஏற்பி அவளுக்குப் பிறவியிலேயே கொஞ்சம் மந்தம். மரபணுவில் ஓர் எழுத்து வித்தியாசம். பிள்ளை பெற்ற எத்தனையோ பேருக்கும் அது உண்டு, யார் குற்றமும் இல்லை. அவளுக்கு முட்டை முதிராததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ஊசி மருந்தின் அளவைக் கூட்டிப் பார்ப்போம் என்றார்.

பூத்தாய்க்கு 'இருக்கலாம்' என்ற சொல்லே தெரியாது. யுன்ரூவின் அம்மா செய்த பாவம்தான் வேரில் புழுவாக நெளிகிறது, ஊசி வேரைச் சுடுகிறது என்றாள். கிம்லுவான் ஊசிகளைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டாள். புத்தாண்டின் இரண்டாம் நாள் மகள்கள் தாய்வீடு போகும் நாள். புழு ஒட்டிக்கொண்டு வரும் என்று யுன்ரூவைப் போகவிடவில்லை. அங்கே அவள் அம்மா மீன்கஞ்சியைச் சுடவைத்துச் சுடவைத்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதைக் கேட்ட பிறகுதான் யுன்ரூ அழுவதை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தாள்.

காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்து அன்பாக விசாரிக்க மெய்ஃபாங் என்றொருத்தி இருந்தாள். சின்ன வயதில் நாய் கடித்ததாக யுன்ரூ அவளிடம் ஒரு பொய் சொல்லிவைத்தாள். அன்றைக்கே பூத்தாய் செடித்தண்டில் நாயின் பல் பட்ட தடத்தைப் பார்த்துவிட்டாள்.

அடுத்த முறை, நாய் ஆண்டில் பிறந்த ஒரு தோழிக்காகவும் கேட்கப்போவதாக யுன்ரூ தேநீர் குடித்தபடியே மெய்ஃபாங்கிடம் சொன்னாள். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தையில்லை என்றாள். எங்கள் ஆண்டு விலங்குகள் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சுற்றி வரும். நாய் ஆண்டுக்காரிக்கு வயது முப்பதாகவும் இருக்கலாம், அறுபதைத் தாண்டியும் இருக்கலாம்.

மாமியார் பக்கத்தில் இருக்க, தோழிக்காக என்று யுன்ரூ பூத்தாயின் காதில் மெல்ல ஓதினாள். பூத்தாய் காலைத் தட்டினாள், நடுங்கினாள், போய்ச் சேர்ந்தாள்.

"ஐயோ, மலட்டுச் செடி. ஒரு மொட்டுகூட விட்டதில்ல. இவளைப் பெத்தவ செஞ்ச பாவம் வேர் பூரா ஊறிக் கெடக்கு."

கிம்லுவான் உச்சுக் கொட்டினாள். "யார் பெத்த பொண்ணோ, பாவம்."

"அம்மா, நான் சொன்னது உங்க பொறந்த நேரம். நீங்களும் நாய் ஆண்டுதானே" என்றாள் யுன்ரூ.

கிம்லுவான் ஐந்து பிள்ளை பெற்றவள். கண்கட்டுக்குள் இருந்தபடியே பூத்தாய், இன்று தோட்டத்தில் பனி அதிகம், செடி மாறிப் போயிருக்கும் என்று முனகினாள்.

"பனி இருக்கட்டும்டி" என்றாள் கிம்லுவான். "எங்கம்மா என்ன பாவம் செஞ்சா? அதை மொதல்ல சொல்லு."

சம்பந்தியின் பாவத்தை விசாரணையில்லாமல் நம்பியவள், தன் தாயின் பாவத்துக்குச் சாட்சி கேட்டாள். கதவு திறந்திருந்தது. வரிசை முழுக்கக் கேட்டது. பேராசிரியை முதல் ஆளாகத் தன் உறையைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். மெய்ஃபாங் தேநீர்ப் பாத்திரத்தோடு சமையலறைக்குள் போனவள், திரும்பி வரவில்லை.

யுன்ரூ மறுபடி ஊசி போட்டுக்கொண்டாள், அளவைக் கூட்டி. ஸ்கேனில் ஒரு முட்டை முதிர்ந்திருப்பதை டாக்டர் காட்டினார். குழந்தை நிச்சயம் என்று அவர் சொல்லவில்லை. முயற்சி செய்யலாம் என்றார். கிம்லுவான் அன்றே மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். தானும் கூடவே போய், சம்பந்தி முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள்.

பூத்தாய் இப்போது பக்கத்து ஊரில் இருக்கிறாள். அங்கேயும் வாசலில் ஸ்கூட்டர்கள் நிற்கின்றனவாம். தன்னைப் பெற்றவளைப் பூத்தாய் பழித்தால்தான் புத்தி வேலை செய்யும் என்று காத்திருப்பவர்கள் காத்திருக்கலாம். மற்றவர்கள் இன்றைக்கே யோசிக்கலாம். அதற்கு உறை எதுவும் தேவையில்லை.