நாலாம் நம்பர் மெஷின் கேட்ட கேள்விகள்

15 வேலம்பாளையம்,
திருப்பூர்.

அன்புள்ள மாப்பிள்ளை மகுடேஸ்வரனுக்கு, மாமன் சாமியப்பன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் அத்தையும், பனியன் துணி ஓட்டும் பதினாறு மெஷின்களும் நலம். அதில் நாலாம் நம்பரை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டாம். பெங்களூரில் நீங்களும் கீர்த்தனாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

மெஷின்கள் தங்கள் லாக்கை, அதாவது எப்போது நின்றோம், ஏன் நின்றோம் என்ற பதிவை, எந்த முறையில் அனுப்ப வேண்டும் என்று விதி எழுதும் கமிட்டியில் நீங்கள் இருப்பதைக் கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்லி வருகிறேன். கேட்பவர்கள் பாதியில் சாப்பிட எழுந்துவிடுகிறார்கள், அது வேறு விஷயம். உங்கள் விதியால் இப்போது ஒரு பெண்ணுக்கு வேலை போய் நிற்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் நாலாம் நம்பர் நாற்பத்தொரு தடவை நின்றது. சூப்பர்வைசர் வேல்விழி, அருப்புக்கோட்டைப் பெண், ஒவ்வொரு தடவையும் மெஷினில் இருக்கும் திரையில் காரணத்தைத் தமிழில் தட்ட வேண்டும். ஆபீஸ் டிவியில் பார்த்தால் வரிசையாகக் கேள்விக்குறி. "ஏம்மா, நான் காரணம் கேட்டா நீ என்னையவே கேள்வி கேக்கறயா?" என்றேன். அவள் அசரவில்லை. "நான் பதிலத்தான் எழுதுனேன் முதலாளி, ஒங்க டிவிதான் கேள்வி கேக்குது" என்றாள். மேற்கொண்டு என்னவோ சொல்ல வந்தாள். நான் கேட்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் சர்வீஸ் என்ஜினியர் குகன் வந்து பார்த்தாப்ல. மெஷின் தமிழை முழுசாத்தான் அனுப்புதாம், இது இன்ன எழுத்துமுறைன்னு முன்னாடியே ஒரு அடையாளமும் வெச்சு அனுப்புதாம். மெஷின் அனுப்பறதை வாங்கி டிவியில காட்டற, டிவிக்குக் கீழ இருக்கற பழைய பொட்டிக்கு இங்கிலீஷ் எழுத்து மட்டுந்தான் தெரியும், மத்த எழுத்துக்கெல்லாம் ஒரு கேள்விக்குறியப் போட்டு நெரப்பீருதாம். பொட்டிய மாத்தீரலாங்கன்னாப்ல. ஓடற சாமானை எதுக்குத் தூக்கிப் போடோணும்னு நாந்தான் மாட்டேனுட்டேன். பழைய பொட்டியும் நிக்காம ஓடோணும்னு உங்க விதியிலயே இருக்குதாமே, அதுல எனக்குச் சந்தோசந்தான். பதினெட்டு வருசம் உழைச்சதை ஒரே நாள்ல வெளிய நிறுத்தறது பாவம். ஆனா மாப்பிள்ளை, ரெண்டு நாளா இதே யோசனையாத்தான் இருக்குது. புரியலைன்னா புரியலைன்னு சொல்லட்டும், இல்லாட்டி வந்ததை வந்தபடியே வெச்சிருக்கட்டும். அடுத்தவங்க சொன்னதை அழிச்சுப்போட்டு, அவங்க ஒண்ணுமே சொல்லாத மாதிரி காட்டறது என்ன நியாயம்? இதுக்கொரு வரி நீங்க சேர்த்தே ஆகோணும். தப்பு கமிட்டி மேலன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா, நானும் கௌரவமா அந்தப் புள்ளையத் திரும்பக் கூப்பிட்டுக்குவேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க அங்காளம்மனை வேண்டும்,
மாமன் சாமியப்பன்.

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது, மெஷினுக்குள்ளேயே இருந்த அசல் பதிவைக் குகன் எடுத்துக் கொடுத்தான். முதல் வரி இது: "கதவு திறந்தால் மெஷினை நிறுத்தும் சென்சாரை, உற்பத்தி குறைகிறது என்று முதலாளி டேப் போட்டு ஒட்டச் சொன்னார். கதவு திறந்தும் மெஷின் ஓடியது. மெஷின் ஓட்டும் வேல்குமார் உள்ளே கை வைக்கப் போனார். நிறுத்தினேன்." மீதி நாற்பதும் கிட்டத்தட்ட இதேதான். ஒட்டச் சொன்னது எனக்கு மறந்தே போய்விட்டது. ஒரு வரியில்கூட அவள் என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. டேப்பை நானே பிய்த்துப் போட்டேன். விதியில் ஒன்றும் சேர்க்க வேண்டாம் மாப்பிள்ளை, கமிட்டி கடிதமும் வேண்டாம். வேல்விழி வீட்டுக்கு இப்போதே கிளம்புகிறேன். திரும்ப வருவாளா என்று தெரியவில்லை.