அக்கரைச் சாந்தமூர்த்தி

டூகலின் தூண்டில் முள் முதல் வீச்சிலேயே மீனை விட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் நின்ற மரத்தைப் பிடித்துக்கொண்டது.

"அடச் சனியனே!" என்று அவர் போட்ட கூச்சலில் ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்று வாத்துகள் கூட்டமாக எழும்பிப் பறந்தன.

"ஆரம்பிச்சுட்டியா?" கரையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி ஷோனா நிமிர்ந்தாள். "மனசு அடங்கணும்னுதானே இங்க வந்தோம்?"

டூகல் ஓட்டுநர் தேர்வு அதிகாரி. போன வாரம் அவர் போட்ட அதட்டலில், தேர்வுக்கு வந்த பெண் காரை நேரே ரொட்டிக்கடைக்குள் விட்டுவிட்டாள். இன்னொரு முறை கத்தினால் சீட்டுக் கிழிந்துவிடும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். ஆற்றில் இறங்கி நின்று, இறகில் கட்டிய பொய் ஈயை வீசி வீசிச் சால்மன் மீனுக்குக் காத்திருந்தால், கோபமெல்லாம் தண்ணீரோடு போய்விடும் என்று ஷோனாவுக்கு யாரோ ஓதியிருந்தார்கள்.

"அக்கரையைப் பாரு. மனுஷன்னா அவர் மனுஷன்!" என்று கை நீட்டினாள் ஷோனா.

அகன்ற ஆற்றின் மறுபக்கம், இடுப்பளவு தண்ணீரில், தூண்டிலைக் கக்கத்தில் இடுக்கியபடி ஒரு தாடிக்காரர் சிலைபோல நின்றார். டூகல் பார்த்ததும், போதகர் ஆசி வழங்குவதுபோல மெல்ல ஒரு கையை உயர்த்தினார். வாய் அசைந்தது. ஆற்றின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"ஜெபம் பண்றார் போல," என்றாள் ஷோனா பயபக்தியோடு.

டூகல் தொப்பியைக் கழற்றித் தலை தாழ்த்தினார். கோபம் ஒரு படி இறங்கியது.

அடுத்த வீச்சில் முள் அவருடைய பின்புறத்திலேயே பாய்ந்தது. அவர் போட்டிருந்தது தண்ணீர் புகாத, மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டை. வெடுக்கென்று பிடுங்கினார், பர்ரென்று கிழிந்தது. பனித் தண்ணீர் உள்ளே குடிபுகுந்தது.

"கத்தாதே! அவரைப் பாரு!"

தாடிக்காரர் இப்போது இரண்டு கைகளையும் உயர்த்தியிருந்தார். டூகல் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தொப்பியைக் கழற்றினார்.

கிழிசலை ஒரு கையால் பொத்தியபடி கரையேறப் பார்த்தவர், வழுக்கித் தண்ணீரில் தொப்பென்று உட்கார்ந்தார். மைத்துனனிடம் இரவல் வாங்கிய தூண்டில் ஆற்றோடு ஊர் பார்க்கக் கிளம்பியது.

ஷோனா காதைப் பொத்திக்கொண்டாள். சத்தமே இல்லை. பயந்துபோய்க் கையை எடுத்தாள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து டூகல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு? தலையில அடிபட்டுச்சா?"

"போனாப் போகுது விடு. நாம வந்ததுலேர்ந்து அவருக்கும் ஒரு மீனும் மாட்டல. நின்ன இடத்தை விட்டு அசைஞ்சாரா பாரு! நான் மட்டும் எதுக்கு இந்தக் குதி குதிக்கிறேன்?"

"என் தம்பிக்கு என்ன பதில் சொல்றது?"

"நானே மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

ஷோனாவின் கையிலிருந்து கோப்பை நழுவியது. கல்யாணமான நாளாக அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததே இல்லை.

"வா, அந்தப் புண்ணியவானுக்கு ஒரு நன்றி சொல்லிட்டு வந்துடலாம்."

பாலம் வழியாகச் சுற்றி, சளக் சளக்கென்று நடந்து அக்கரை சேர்ந்தார்கள். டூகல் மண்டியிடாத குறையாக நின்றார்.

"ஐயா, இன்னிக்கு என்னை மனுஷனாக்கினதே நீங்கதான். இப்பேர்ப்பட்ட அமைதி உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

தாடிக்காரரின் பற்கள் தாளம் போட்டன.

"அமைதியாவது மண்ணாவது! ரெண்டு பாறைக்கு நடுவுல கால் மாட்டிக்கிட்டு, காப்பாத்துங்கன்னு காலைலேர்ந்து கையைத் தூக்கித் தூக்கிக் கத்துறேன். நீ என்னடான்னா ஒவ்வொரு தடவையும் தொப்பியைக் கழட்டி வணக்கம் வைக்கிறியேய்யா!"