பாதிச் சாவி என்னிடம், மீதி உங்கள் அத்தையிடம்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் ஒரே கூரையின் கீழ் சௌக்கியம், ஆனால் தனித்தனியாகச் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் என் பேத்தி வாலுக்குட்டியும் சேர்ந்தே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். நான் ‘ஹலோ’ சொல்லி முடிப்பதற்குள் என் மகள் உங்கள் கையிலிருந்து போனைப் பிடுங்கிவிடுகிறாள், அதனால்தான் காகிதம்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். போன முறை வந்தபோது, நான் போனை மடியில் வைத்துக்கொண்டு மேப் பார்த்து வண்டி ஓட்டியதை என் மகள் பார்த்துவிட்டாள். அன்றைக்குப் போட்ட சட்டம்: “அப்பா, போனுக்கு ஸ்டாண்டு வைக்கணும், கேமரா வைக்கணும், பாஸ்வேர்டெல்லாம் ஒழுங்கா மாத்தணும். நீங்க ஓட்டுற வீடியோவ நான் பார்க்கணும். அதுவரைக்கும் வாலு உங்க வண்டில ஏற மாட்டா.” அடுத்த வாரம் அவளும் வாலுவும் வருகிறார்கள். ரயில் நிலையத்திலிருந்து என் பேத்தியை யாரோ ஒரு டாக்ஸிக்காரர் கூட்டிக்கொண்டு வருவதா? அவள் “தாத்தா வண்டிலதான் வருவேன்” என்று போனிலேயே அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகவே நீங்கள் எழுதி அனுப்பியதை அட்சரம் பிசகாமல் செய்தேன். ஸ்டாண்டு கண்ணை மறைக்கக் கூடாது, கிளம்பும் முன்பே வழியைப் போட்டுவிட வேண்டும், ஓடும்போது போனைத் தொடக் கூடாது என்றீர்கள். கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் காட்டி, “சார், இத ராக்கெட்ல ஒட்டுனாலும் விழாது” என்றார். முதல் வேகத்தடையிலேயே உங்கள் அத்தையின் மடியில் விழுந்தது. ராக்கெட்டுக்கு வேகத்தடை கிடையாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் மடியிலிருந்து, போனில் வழி சொல்லும் அந்த மேப் பெண், “பின்னால் திரும்பவும், பின்னால் திரும்பவும்” என்று சொல்ல, இவள் பயந்துபோய்ப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு திருகாணி வைத்ததாக ஒன்று வாங்கி, ஏசி காற்று வரும் சட்டத்தில் மாட்டினேன். நன்றாக நிற்கிறது. போனுக்குக் குளிருகிறது, எங்களுக்குப் புழுங்குகிறது.

நீங்கள் பார்சலில் அனுப்பிய கேமராவையும் கண்ணாடியில் ஒட்டியாயிற்று. வண்டிக்குள் பேசுவதும் பதிவாகும், வேண்டாமென்றால் நிறுத்திவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். இருந்துவிட்டுப் போகட்டும், நாங்கள் என்ன ராணுவ ரகசியமா பேசப்போகிறோம் என்று விட்டுவிட்டேன். முதல் நாள் உங்கள் அத்தை கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி தலைசீவிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒரே புன்னகை. என்னை ‘வாங்க போங்க’ என்று மட்டுமில்லை, ‘தயவுசெஞ்சு’ என்றுகூடச் சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. மார்க்கெட் போய்ச் சேர்ந்த பிறகுதான், கேமரா வெளியே ரோட்டைத்தான் பார்க்கிறது, உள்ளே நம்மைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். “அப்போ இவ்ளோ நேரம் யாருக்காகச் சிரிச்சுட்டு வந்தேன்?” என்றாள். அந்தப் புன்னகையை நான் அப்புறம் பார்க்கவில்லை.

இனி பாஸ்வேர்டு. என்னுடைய எல்லாக் கணக்குக்கும் என் கார் நம்பர்தான் பாஸ்வேர்டு என்று நான் பெருமையாகச் சொன்னபோது நீங்கள் சிரித்தது இப்போதுதான் புரிந்தது. அதை வண்டிக்கு முன்னாலும் பின்னாலும் பெரிய எழுத்தில் எழுதி, ராத்திரியில் தெரிய விளக்கும் போட்டு, ஊரெல்லாம் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்! நீங்கள் சொன்னபடியே எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றி, அந்தப் பெட்டக ஆப்பில் போட்டுவிட்டேன். அதற்கு ஒரே ஒரு தலைமைப் பாஸ்வேர்டு, நீளமான வாக்கியமாக இருக்கட்டும், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றீர்கள். மாப்பிள்ளை, நான் ஆயுள் முழுக்க பேங்க்கில் லாக்கர் அறையைப் பார்த்துக்கொண்டவன். ஒரே சாவியில் திறக்கிற பெட்டகத்தை நான் பெட்டகம் என்றே ஒத்துக்கொள்வதில்லை. பேங்க் சாவி ஒன்று, கஸ்டமர் சாவி ஒன்று, இரண்டும் விழுந்தால்தான் கதவு திறக்க வேண்டும். அதனால் பாதி வாக்கியம் நான், பாதி வாக்கியம் உங்கள் அத்தை. ஒருவர் அடிக்கும்போது மற்றவர் வெளியே போய்விட வேண்டும். என் பாதியை உயிரே போனாலும் சொல்ல மாட்டேன், முக்கியமாக உங்கள் அத்தையிடம். அதற்குக் காரணம் இருக்கிறது.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, அந்த மேப் பெண் குறுக்கே வராதவரை. மகளுக்கு வீடியோ எடுக்க ரயில் நிலையம் வரை ஒத்திகை போனோம். உங்கள் அத்தை இடப்பக்கம் போகச் சொன்னாள். மேப் பெண் வலப்பக்கம் என்றாள். ஓடும்போது போனோடு மல்லுக்கட்டக் கூடாது என்று நீங்கள் சொன்னதை நினைத்து நான் வலப்பக்கம் திரும்பினேன். “நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்” என்றாள் மேப் பெண். எங்கே? ஒரு சலவைக்கூடத்தின் கொல்லையில். முன்கண்ணாடி முழுக்க யாரோ ஒருவருடைய ஈரப் போர்வை. சலவைக்காரர் அதை மெதுவாக விலக்கி எட்டிப் பார்த்து, “ஸ்டேஷனுக்கா? தினம் யாராவது இப்படி வந்துடறாங்க சார். லெஃப்ட்ல போயிருக்கணும்” என்றார். அவ்வளவுதான். “கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொல்றதக் கேக்காத மனுஷன், பேர் தெரியாத ஒருத்தி சொன்னதும் திரும்புறாரு” என்றாள் உங்கள் அத்தை. அதோடு வாயை மூடினவள்தான். வீடு வரை இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை.

இந்த நேரம் பார்த்துப் போன் தன்னைத்தானே ஏதோ புதுப்பித்துக்கொண்டு, அணைந்து எழுந்து, ‘நீ யார்?’ என்று என்னையே கேட்டது. வீடியோவை இறக்கக் கேமரா ஆப் வேண்டும், அதன் பாஸ்வேர்டு பெட்டகத்தில், பெட்டகத்தின் பாதி உங்கள் அத்தையிடம், உங்கள் அத்தை மௌன விரதத்தில். வண்டியில் உட்கார்ந்தால்தான் போனும் கேமராவும் ஒன்றையொன்று கண்டுகொள்ளும் என்பதால், வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். பேத்திக்காக வந்தாள். நான் உள்ளே உட்கார்ந்து என் பாதியை அடித்தேன். எனக்கு வாய்விட்டுச் சொன்னால்தான் விரல் ஓடும், அவளுக்கும் அப்படியே. அதனால் கண்ணாடியை நன்றாக ஏற்றிக்கொண்டோம். நான் இறங்கினேன், அவள் ஏறினாள், அடித்தாள். தப்பு என்றது. மறுபடி நான், மறுபடி அவள். மறுபடி தப்பு. பாருங்கள், லாக்கர் என்றால் எந்தச் சாவி விழவில்லை என்று கைக்குத் தெரியும். இந்த ஆப் ‘தப்பு’ என்கிறதே தவிர, யார் தப்பு என்று சொல்ல மறுக்கிறது! ஒரு வீட்டுக்குள் இப்படியா நெருப்பு வைப்பது?

“என் பாதி சரியாத்தான் இருக்கு, கேக்கறவங்ககிட்ட சொல்லிடு” என்று உங்கள் அத்தை மழை துடைக்கும் வைப்பரிடம் சொன்னாள். “என் பாதியும் சரிதான்” என்று நானும் வைப்பரிடமே சொன்னேன். இன்னும் ஒரு தடவை தப்பாக அடித்தால் பெட்டகம் நாளை வரை பூட்டிக்கொள்ளுமாம். அப்போதுதான் அவள், “பாஸ்வேர்டு வச்ச அன்னிக்கு நான்தானே முதல்ல அடிச்சேன். ஒருத்தர் மூக்குக்கண்ணாடியத் தேடிட்டு இருந்தாரு. அது அவர் தலைமேலயே இருந்துச்சு” என்றாள். நான் விடுவேனா? “பேங்க் சாவிதான் முதலில் போகணும், அதுதான் முறை. நான் பேங்க், நீ கஸ்டமர்” என்றேன். “வீட்டுல யார் பேங்க்குன்னு இன்னுமா தெரியல?” என்றாள். நான் ஒதுங்கி வழிவிட்டேன். அவள் ஏறித் தன் பாதியை அடித்தாள், பின்னால் நான் அடித்தேன். திறந்துகொண்டது மாப்பிள்ளை! நான் வாசலில் குதித்தேன். பக்கத்து வீட்டு ஆசிரியர், லாட்டரி விழுந்ததா என்று கேட்டார்.

சூட்டோடு சூடாகக் கேமரா ஆப்பைத் திறந்து, மேலே முதலாவதாக இருந்த வீடியோவை மகளுக்கு அனுப்பிவிட்டேன். நான் ஓட்டியதை நானே எதற்குப் பார்க்க வேண்டும்? ஆகவே நீங்கள்தான் அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்: உன் அப்பா இப்போது பாதுகாப்பின் மறு உருவம், அவர் பாஸ்வேர்டைக் கட்டிய மனைவிகூட அறிய மாட்டாள், வழி விஷயத்திலும் அவர் சொல்வதே சரி, குழந்தையைத் தைரியமாக ஏற்றலாம் என்று. உங்கள் அத்தை இன்னும் என்னிடம் பேசவில்லை, ஆனால் உங்களுக்குத் தன் ஆசியைச் சொல்லச் சொன்னாள், வைப்பர் மூலமாக. நோய் நொடி இல்லாமல், சிக்னலெல்லாம் பச்சையாக, நீங்கள் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் மகள் போன் செய்தாள். “அப்பா, வண்டி ஓட்டுற வீடியோ கேட்டா, நம்ம வீட்டு கேட் அசையாம நிக்கிற வீடியோ அனுப்பியிருக்கீங்க. அதுல அம்மா ஒண்ணு முணுமுணுக்கிறாங்க, அப்புறம் நீங்க ஒண்ணு முணுமுணுக்கிறீங்க” என்றாள். மேலே இருந்தது கடைசியாகப் பதிவானதாம். அதற்குள் வாலு அதை ராகம் போட்டுக் கற்றுக்கொண்டு, பள்ளி வேன் முழுக்கப் பாட வைத்துவிட்டாளாம். நீங்கள் ஆபீசிலிருந்து வந்ததும் உங்களுக்கும் பாடிக் காட்டியிருப்பாள். உங்கள் அத்தையின் பாதி: ‘இந்தமனுஷனுக்குஒண்ணும்தெரியாது’. என் பாதி: ‘அவசொல்றதுதான்சரி’. போன் ஸ்பீக்கரில் இருந்தது, அத்தை பக்கத்திலேயே இருந்தாள்.

மகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “அம்மா சொல்றதுதான் சரின்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அம்மா சொல்ற வழில வந்தீங்கன்னா, வாலு உங்க வண்டிலதான் வருவா” என்றாள். இன்றே பாஸ்வேர்டை மாற்றிவிட வேண்டும் என்று உத்தரவும் போட்டாள். ஆகவே மேலே எழுதியதில் நீங்கள் யாரிடமும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டாம். உங்கள் அத்தை பேச ஆரம்பித்துவிட்டாள், என்னிடமே நேராக. “எழுந்திரிங்க, மாத்திடலாம்” என்று போனை எடுத்தவள், வாசலில் நின்று சொன்னாள்: “என் பாதிய நான் மாத்திடறேன். நீங்க உங்க பாதிய மாத்தாதீங்க.”